மலையிறங்கும் மாதங்கள்

ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கு ஒதுக்கி, சித்திரை வைகாசியை இளவேனிலுக்குக் கொடுத்தார்கள். சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பகுப்பு இன்று பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. பொங்கல் கழிந்து சில வாரங்களுக்குள் வெயில் ஏறிவிடுவதால், பனி எப்போது விடைபெற்றது, வேனில் எப்போது வந்து அமர்ந்தது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், மூன்று புறமும் மலை சூழ அமைந்திருக்கும் போடிநாயக்கனூரிலோ அந்த எல்லை இன்னும் அழியவில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியின் உண்மையை, விடியற்காலையில் மலைக்கணவாயிலிருந்து இறங்கும் காற்று அங்கே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போகிறது. அதே தெருவில் முற்பகலிலேயே நிழல் தேடி ஒதுங்கவும் நேர்கிறது.

ஆயினும் இந்த ஊரின் காலத்தை மெய்யாக அளப்பது பனியும் அன்று, வெயிலும் அன்று. மலைமேல் விளையும் ஏலக்காய். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு, ஐப்பசி கார்த்திகையில் உச்சத்தை எட்டி, ஒவ்வொரு செடியையும் ஒரு மாதம் அல்லது நாற்பது நாளைக்கு ஒரு முறை சுற்றிச்சுற்றி வந்து, தை மாசியில் ஓய்கிறது. கடைசிச் சுற்றுக் காய் உலர்ந்து மூட்டையாகிக் கீழே வந்த பிறகு, அடுத்த பருவத்து வேலை முழு மூச்சாகத் தொடங்கும் வரையில் கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான், இந்தப் பிரதேசத்து மக்கள் இரண்டு காரியங்களைச் செய்து வந்திருக்கிறார்கள்: ஒன்று, வீட்டைப் புதுப்பித்தல், மற்றொன்று, ஆண்டு முழுவதும் சுமையோடு ஏறி இறங்கிய மலைவழிகளில் வெறுங்கையோடு நடத்தல். இவ்விரண்டும் வெறும் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். ஆனால் இவற்றின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓய்வு என்பதும் ஒரு தொழிலின் நிழலிலேயே வளர்ந்தது என்பதும், அந்தத் தொழில் மாறும்போது ஓய்வின் வடிவமும் மாறிப்போகிறது என்பதும் தெளிவாகும்.

மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பட்ட 72 பாளையங்களுள் ஒன்று போடிநாயக்கனூர். கம்பளத்து நாயக்கர் மரபைச் சேர்ந்த பாளையக்காரர்கள் ஆண்ட இந்தச் சீமை, ஆங்கிலேயர் காலத்தில் ஜமீனாகி, 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரையில் அந்த நிலையிலேயே இருந்தது. ஊருக்கு மேற்கே முந்தல் என்னும் அடிவாரச் சிற்றூர். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி கொண்டை ஊசி வளைவுகளாக முறுக்கிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறி, ஏலமலைக்குள் நுழைகிறது. மற்றொன்று கொட்டகுடி ஆற்றின் ஓரமாகக் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கி, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று மலையுச்சியை நோக்கி நடக்கிறது. ரயில் ஒன்றும் ஓடாத அந்தக் காட்டுக்குள் இப்படிப்பட்ட பெயர்கள் எப்படி வந்தன என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இந்த வழிகள் வெள்ளைக்காரத் துரைகள் திறந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. மலைமேல் வாழும் முதுவர் சமூகத்தாரிடையே வழங்கும் ஐதிகத்தின்படி, அவர்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள்; பாண்டிய குலத்தவர் ஊரை விட்டு நீங்கி மேற்கே போன காலத்தில், மீனாட்சியம்மன் திருவுருவத்தை முதுகில் சுமந்துகொண்டு போடிநாயக்கனூர் வழியாக மலை ஏறினார்களாம். இது ஐதிகமே ஆனாலும், ஒரு செய்தியைத் திட்டமாகக் கூறுகிறது: வைகைக் கரைக்கும் ஏலமலைக்கும் இடையே போக்குவரவு மிகப் பழமையானது, அந்தப் போக்குவரவின் அடையாளம் சுமை. இன்றும் குழந்தையைத் துணியில் கட்டி முதுகில் சுமப்பது முதுவர் பெண்களின் வழக்கம். ஆக, அந்தச் சரிவில் மனிதன் முதன்முதலில் இட்ட அடிச்சுவடு உல்லாசப் பிரயாணியின் சுவடு அன்று, பாரம் தூக்கியவனின் சுவடு.

ஏலக்காயும் ஆதியில் பயிர் செய்யப்பட்டதாகச் சொல்ல முடியாது; காடு தானாகக் கொடுத்தது, மனிதன் அதற்குச் சற்று வெளிச்சம் காட்டினான் என்பதே பொருத்தம். குடகு நாட்டில் இம்முறை மிகத் தெளிவாக வழங்கியது. பனி விலகும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அடர்ந்த சோலையின் ஒரு பகுதியில் புதரை நீக்கி, சரிவின் மேற்புறத்தில் நிற்கும் ஒரு பெரிய மரத்தை வெட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். அது விழும் அதிர்ச்சியில் மண் குலைந்து, மேலே வானமும் திறந்துகொள்ள, மழை தொட்ட சில மாதங்களுக்குள் ஏல நாற்று தானாக முளைத்தெழும். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். விதை எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை; மண்ணுக்குள் உறங்கிக் கிடந்தது என்று அறிந்திருந்தார்கள். இங்கே நம் கவனத்துக்கு உரியது அந்த மாதக் கணக்கு. பின்பனி முடிவதற்குள் மரம் விழ வேண்டும். கோடை மழைக்கு முன் மண் திறந்திருக்க வேண்டும். மேற்கு மலையின் ஏலத்தொழில் முழுவதும், தொடக்கத்திலிருந்தே, இந்தப் பருவ மாற்றத்தைக் கீல் போலக் கொண்டு திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலமலைகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தன; ஆனால் அங்கே பாடுபட்ட குடிகளில் பெரும்பகுதியினர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் ஏறிய தமிழர்கள். விளைந்த காயை அவர்கள் தம் விருப்பப்படி விற்க இயலாது. ஏலக்காய் சர்க்காரின் ஏகபோகம். குடிகள் அதை அரசாங்கப் பண்டகசாலையில் ஒப்படைத்துத் தம் பங்குக்கு உரிய தொகையைப் பெற வேண்டும். சமஸ்தானத்தின் வாணிகத் துறைமுகமாகிய ஆலப்புழை வழியாகவே அந்தக் காய் கடல் கடந்தது. பச்சை நிறம் மங்காமல் உலர்த்திய ஏலத்துக்கு இன்றும் சந்தையில் ஆலப்புழைப் பச்சை என்ற தர முத்திரை நிலைத்திருப்பது அந்தக் காலத்தின் எச்சம். 1896-இல் ஏகபோகம் நீங்கி, அதற்குப் பதிலாக நிலவரி விதிக்கப்பட்ட பிறகுதான், காய் விளைவித்தவன் அதைத் தன் சொந்தச் சரக்காகக் கருதி, மலையின் கிழக்கே தன் ஊர்ச் சந்தைக்கு இறக்க முடிந்தது. போடி ஒரு வர்த்தக நகரமாக எழுந்ததற்கு மூல காரணங்களுள் இதுவும் ஒன்று.

அந்நாளில் காய் எடுப்பு முடிந்து மலையிறங்குவது சாமானிய நிகழ்ச்சி அன்று. மழைமாதங்கள் முழுவதும் அட்டைக்கடியும் குளிரும் மலைக்காய்ச்சலும் நிறைந்த காட்டில், ஓலைக் குடிசையில் படுத்து, செடியின் அடியில் தரையோடு தரையாக ஓடும் சரங்களிலிருந்து பழுத்த காயை மட்டும் குனிந்து குனிந்து பறித்தவர்கள், பொங்கலை ஒட்டிக் கீழே வந்தார்கள். கணக்குத் தீர்ப்பது அப்போதுதான். முன்பணம் கழித்து, அரிசிக்கும் எண்ணெய்க்கும் கழித்து, மீந்ததைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தவனை எதிர்கொண்டு அழைத்தது அவனுடைய வீடு. அந்த வீடும் ஆறு மாதம் ஆண்துணையின்றி மழையையும் காற்றையும் தாங்கி, சுவர் பூத்து, கூரை நைந்து, அவன் கையை எதிர்பார்த்தே நின்றிருந்தது.

வீட்டுப் பணியின் முதற்கட்டம் பொங்கலுக்கு முன்பே வெள்ளையடிப்பில் தொடங்கிவிடும். கல் சுண்ணாம்பை மிடாவில் இட்டு நீர் ஊற்றினால், அது பொங்கிக் கொதித்துத் தானே வெந்து நீறாகும். அதை ஓரிரவு அடங்கவிட்டு, துணியில் வடித்து, சுவரில் ஒட்டிப் பிடிக்க வஜ்ஜிரமும், கண்ணுக்கு வெண்மை கூட்டிக் காட்ட ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, நசுக்கிய மட்டையையே தூரிகையாகக் கொண்டு மேலிருந்து கீழாக இழுப்பார்கள். ஈரத்தில் சாம்பலாகத் தெரியும் சுவர் காயக் காயத்தான் வெளுக்கும். ஆதலால் முதல் நாள் பார்த்துவிட்டு வேலைக்காரனைக் குறை சொல்வது புதிதாகக் குடித்தனம் நடத்துகிறவர்களின் வழக்கம். சுவர் அடியில் காவிப் பட்டை, திண்ணையில் செம்மண், உள்ளே சாணமெழுக்கு. போகி கழியும் வேளையில் வேப்பிலை, மாவிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சிறு கொத்தாகக் கட்டி, வீட்டிறவாணத்திலும் தொழுவத்திலும் வயல் மூலையிலும் செருகும் காப்புக்கட்டு, புதுப்பித்த வீட்டுக்கு இடும் முத்திரையாக அமைந்தது. மலைச்சரிவிலேயே பூத்துக் கிடக்கும் ஆவாரையையும் பூளையையும் பறிக்கப் பிள்ளைகள் கூட்டமாகப் புறப்படுவதே அந்த ஆண்டின் முதல் மலையுலா.

இரண்டாம் கட்டம் கூரை. அது மாசிக்கு உரியது; ஏனெனில் கோடை மழைக்கும் அதன் பின் வரும் ஆனி ஆடிச் சாரலுக்கும் முன்னால், புல் நன்றாகக் காய்ந்திருக்கும் வேளையில்தான் வேய முடியும். ஓட்டு வீடாயின் நாட்டு ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை நீக்கி, மறுபடி அடுக்குவார்கள். கூரை வீடாயின் மலைச்சரிவில் ஆளுயரம் வளர்ந்து, பனிக்காலம் முடியும்போது பொன்னிறமாகிவிடும் போதைப்புல் அதற்கு உதவும். எண்ணெய்ச் சத்தும் மணமும் உடைய அந்தப் புல், முறையாக அடுக்கி வேய்ந்தால் நீரை உள்ளே விடாது. ஆனால் தீப்பொறி பட்டால் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு குணத்தையும் மலைவாழ் மக்கள் ஒருங்கே அறிந்திருந்தார்கள். மூங்கிலும் ஈற்றையும் மண்ணும் புல்லும் கொண்டு வீடு கட்டிய முதுவர்க்கும், போடிக்கு அருகே சிறைக்காட்டிலும் பிற இடங்களிலும் வாழும் பளியர்க்கும் இந்தப் பருவம் கூரைப் பருவமே. அதற்கு அடுத்தாற்போல் பங்குனி சித்திரையில் தேன் எடுப்பு வரும். பாறையில் தொங்கும் அடைகளை நோக்கிக் கொடிகளைப் பின்னி ஏணியாக்கி இறங்கும் அந்தத் தொழிலுக்கு முன், சாகசம் என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாகச் செலவிடுகிறோம் என்பது விளங்கும்.

மூன்றாவது பணி பஞ்சு. இலவு காத்த கிளியைப் பற்றி ஊரெல்லாம் எள்ளி நகையாடுவது உண்டு. போடியிலும் குரங்கணி வழியிலும் இலவங்காய்க்குக் காத்திருக்கிறவர்கள் மட்டும் ஏமாறுவதில்லை. இலையுதிர்த்து நிற்கும் இலவ மரங்களில் காய் முற்றுவதும் மாசி பங்குனியை ஒட்டித்தான். அவை வெடித்துப் பஞ்சு காற்றில் பறப்பதற்கு முன் உதிர்த்துக் கொண்டுவந்து, ஓட்டை நீக்கி, கோலால் அடித்தும் கிளறியும் கொட்டையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்தால் மெத்தைக்கும் தலையணைக்கும் ஆயிற்று. மலைத்தோட்டத்தில் கிடைத்த கூலியில் சீலை வாங்கி, சொந்த மரத்துப் பஞ்சை அடைத்து, பெண்ணின் கலியாணச் சீருக்கு மெத்தை தைத்த குடும்பங்கள் அக்காலத்தில் பல. வீட்டுத் தேவையாகத் தொடங்கிய இந்தக் கைவேலையே வளர்ந்து, போடியை இலவம்பஞ்சு வியாபாரத்துக்கும் மெத்தைத் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊராக்கியது. அந்தப் பஞ்சு வேலை நடக்கும் தெருவில் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளாமல் நடப்பது இயலாது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கீழே வீடு இப்படிப் புதுக்கப்படும் அதே வாரங்களில், மேலே தோட்டமும் தன் வீட்டுப் பணியைச் செய்துகொண்டிருக்கும். காய்த்து ஓய்ந்த பழந்தட்டைகளையும் காய்ந்த இலைகளையும் அறுத்துத் தூரைத் துப்புரவு செய்யும் கவாத்து வேலைக்கு இது காலம். அப்போது குனிந்து பார்த்தால், தூரின் அடியில் அடுத்த ஆண்டுக்கு உரிய சரங்கள் தையிலேயே தலைகாட்டத் தொடங்கியிருப்பது தெரியும்; மனிதன் விளைச்சல் முடிந்தது என்று கணக்குத் தீர்க்கும் நேரத்தில் செடி புதுக் கணக்குத் தொடங்கிவிடுகிறது. காய் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்றே பெயர். விறகுத் தீயின் வெப்பத்தை இரும்புக் குழாய்கள் வழியே அறைக்குள் செலுத்தி, தட்டுகளில் பரப்பிய பச்சைக் காயை ஏறத்தாழ ஒரு பகலும் இரவும், நிறம் கெடாத மிதமான உஷ்ணத்தில் வாட்டி எடுப்பார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய்க்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோ உலர்காய். பருவம் முழுவதும் கனன்ற அந்த அடுப்புகளைச் செப்பனிடுவதும், குழாயில் படிந்த புகைக்கரியை நீக்குவதும், சரிந்த வழிகளை மண்வெட்டியால் திருத்துவதும் பின்பனியின் காரியங்கள். இவை எல்லாவற்றிலும் முக்கியமானது தோட்டத்தைச் சுற்றிப் புல்லையும் சருகையும் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது. மாசி பிறந்தால் தீயைப் பற்றிய நினைவில்லாமல் மலையில் எவரும் படுத்துறங்கியதில்லை.

இனி அந்த ரயில் பெயர்களுக்கு வருவோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பலவகைப் பயிர்களைச் சோதித்துப் பார்த்த பின் அங்கே தேயிலையே நிலைத்தது. மலைமேல் விளைந்த தேயிலையை வெளியேற்ற மேற்கே கடலுக்குச் செல்வதை விடக் கிழக்கே போடிக்கு இறக்குவது எளிதாயிருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து மலையின் கிழக்கு விளிம்பு வரையில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேலும், சமநிலைக்கான பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையின்மேலும் உருள, மாடுகள் அதை இழுத்துச் சென்றன. 1908-இல் அதற்குப் பதிலாக இரண்டடி அகலச் சிறு ரயில்பாதை வந்தது. அது முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி, சுமார் 5 கிலோமீட்டர் செங்குத்துச் சரிவைக் கடந்து, கொட்டகுடி என்னும் கீழ் நிலையத்துக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு 15 கிலோமீட்டர்; போடியிலிருந்து, இன்று கொடைக்கானல் ரோடு என்று வழங்கும் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கு; பின்பு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு; அங்கிருந்து இங்கிலாந்துக்கு. திரும்பும் வடத்தில் மலைக்கு வேண்டிய அரிசியும் பலசரக்கும் ஏறின. சென்ட்ரல் ஸ்டேஷன் என்பது மேலுக்கும் கீழுக்கும் நடுவில் அமைந்த இடம். வடம் போன பின்னும் அங்கே ஒரு சிற்றூர் எஞ்சி நிற்கிறது.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருவெள்ளம் மூணாறுச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அது பின்னர் மீட்கப்படவில்லை. மலைமேல் ரயில் அழிந்த நான்காவது ஆண்டில், 1928-இல், அடிவாரத்தில் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது ஒரு விசித்திர வினை. அந்தப் பாதையும் உலகப் போரில் இரும்புக்குப் பலியாகி, 1942-இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மறுபடி போடப்பட்டு, 2010-இன் முடிவில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2023 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள், அங்கிருந்த தமிழர்களின் கிளர்ச்சிக்குப் பின்னும், கேரளத்தோடு நின்றன. ஆகவே அதன் பின்னும் போடிக்காரர் பலருக்கு வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் இன்னொரு மாநிலத்திலுமாகவே இருந்தன. போடிமெட்டில் ஒரு சோதனைச் சாவடி நின்றது. மலை மட்டும் எல்லைக் கோட்டை அறியாமல் இரு பக்கமும் ஒரே பனியைப் பொழிந்துகொண்டிருந்தது.

இத்தனை சுமைகள் ஏறி இறங்கிய பாதையில், கையை வீசி நடக்கக் கிடைத்த நாட்கள் எவ்வளவு அருமையாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவது மதுரைச் சீமை முழுவதற்கும் பொதுவான சம்பிரதாயம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயில்களில் சாமிப் பெட்டிகளைத் தலையில் ஏந்தி நடந்தே செல்வார்கள். தேனிச் சீமையிலும் குடும்பம் குடும்பமாக, அரிசியும் அண்டாவும் வண்டியில் ஏற்றி, மலையடிவாரத்திலோ ஓடைக்கரையிலோ மரத்தடியில் அமர்ந்திருக்கும் தெய்வத்தின் முன் கண்விழித்து, விடிந்ததும் பொங்கல் வைத்து, கறி சமைத்து உண்டு திரும்புவார்கள். வீட்டை விட்டு வெட்டவெளியில் ஓரிரவு தங்கும் அநுபவத்துக்கு இன்று கூடாரமும் சிறப்பு ஆடையும் விற்கிறார்கள். அன்று அதற்கு ஒரு ஜமக்காளமும் ஒரு குலசாமியும் போதுமாயிருந்தன. போடியின் பரமசிவன் மலைக்கோயிலுக்குப் படியேறுவதும், கொட்டகுடி ஆற்றில் அணைப்பிள்ளையார் அணைக்கட்டருகே நீராடி மீன் பிடிப்பதும், மாந்தோப்பில் பிஞ்சு பொறுக்குவதும், காப்பித் தோட்டங்களில் முதல் கோடை மழைக்குப் பின் ஒரே நாளில் வெண்மையாய் மலரும் பூவைக் காண உறவினர் தோட்டத்துக்குச் செல்வதும் இந்தப் பருவத்தின் இன்பங்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வரும்போது இந்த உலாக்களெல்லாம் ஒரு பெருங்கூட்டத்தில் போய்க் கலந்துவிடும்.

பழைய உலாக்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அவை பெரும்பாலும் ஆற்றங்கரையையும் கோயிலையும் சோலை நிழலையும் நாடியவை. காய்ந்த புல்மேட்டில் உச்சிவெயிலில் திரிந்தவை அல்ல. சுமை தூக்கியவன் விடியுமுன் புறப்பட்டு வெயிலுக்கு முன் ஏறி முடிப்பான்; அவனுடைய பழக்கமே உலாப் போனவனுக்கும் வழிகாட்டியது. இந்த ஒழுங்கு எழுதி வைக்கப்பட்டதன்று. ஆகையால் சுமை நின்றபோது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிற்று. ஜீப்பும் பஸ்ஸும் வந்த பின் ஒற்றையடிப் பாதைகள் கைவிடப்பட்டன. ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறிய வீடுகள் புல்லைக் கேட்பதில்லை. சாலையில்லாத சில மலைக் குடியிருப்புகளுக்கு மட்டும் குதிரையும் கழுதையும் இன்னும் பொதி சுமக்கின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அவற்றின் முதுகில்தான் ஏறுகிறது.

பழைய சுமைவழிகளைத் தேடி நகரத்து இளைஞர்கள் மலையேற்றத்துக்கு வரத் தொடங்கியது அண்மைக் காலத்தில். 2018 மார்ச் 11, மாசி மாதத்தின் கடைசி நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிய குழுவினரைப் புல்வெளியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்தும் உத்ஸாகத்தோடு வந்த அவர்களில் பலர் இளம் பெண்கள். அவர்களுடைய ஆசையில் குற்றம் இல்லை. வெறுங்கையோடு மலையில் நடக்கும் அந்த ஆசை இந்தச் சரிவுக்கு அந்நியமானதும் அன்று. அந்த மாதத்தில், அந்த வேளையில், அந்தப் புல்லின் நடுவே நிற்கலாகாது என்று சொல்லக்கூடிய பாரம்பரிய அறிவுக்கும் அவர்களுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லாமற்போனதே சோகம். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் சார்பில் 40 வழிகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் வழியும் இடம்பெற்றது. உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரி நடுவில் தீக்காலம் கருதி வழிகள் அடைக்கப்பட்டு, ஏப்ரல் நடுவரையில் மலையேற்றம் நிறுத்தப்பட்டது. சட்டம் இன்று தேதியிட்டுக் கூறுவதை, தீத்தடுப்புக் கோடு வெட்டியவன் மாசி பிறந்தது என்ற ஒரே சொல்லால் அறிந்திருந்தான்.

ஏலத்தொழிலும் பழைய கதியில் இல்லை. 1966-இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987-இல் அது நறுமணப் பொருள் வாரியத்துள் அடங்கியது. 2007 முதல் போடியில் ஏலக்காய் விற்பனை கணினித் திரையின் முன் நடக்கிறது. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் தோட்டத்திலேயே தெரிந்தெடுத்த ஞள்ளானி என்னும் ரகம் மலையெங்கும் பரவி, விளைச்சலைப் பன்மடங்காக்கியது. கோடையிலும் குழாய் நீர் பாய்வதால் செடிக்கு ஓய்வு குறைந்தது. காய் எடுப்பு பின்பனிக்குள்ளும் நீள்கிறது. தொழிலாளர் ஆறு மாதம் மலையில் தங்குவது அரிதாகி, விடியலில் ஜீப்பில் ஏறி, மாலையில் போடிக்கு இறங்குகிறார்கள். கணக்கு வாரந்தோறும் தீர்கிறது. மலையிறங்கும் மாதம் என்று தனியே ஒன்று இல்லாதபோது, அதை ஒட்டிப் பிறந்த வெள்ளையடிப்பும் கூரைவேய்ச்சலும் உலாவும் தம் ஆதாரத்தை இழந்து, பண்டிகைச் சடங்காகவோ விடுமுறைச் செலவாகவோ எஞ்சுகின்றன. ஆறு மாதம் குடும்பத்தைப் பிரிந்து காய்ச்சலில் கிடந்த காலம் போனதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. அது போனது நல்லதே. ஆனால் அந்தக் கஷ்ட காலம் தேடிச் சேர்த்த அறிவும் அதனோடு போக வேண்டும் என்பது நியதி அன்று.

அந்த அறிவு இன்றும் பயன்படக்கூடியது. அதன் சாரமும் எளியது. மழை விட்டு, ஓடையில் நீர் தெளிந்து, புல்லில் பசுமை மிஞ்சியிருக்கும் மார்கழியிலும் தையிலும் மலைக்குப் போகலாம். அப்போதும் அவ்வூராரைத் துணைக்கொண்டு, வெயில் முதிருமுன் நடந்து முடிக்க வேண்டும். புல் பொன்னிறமாகும் மாசியில் மலையை மலைவாழ் மக்களிடமும் காவலரிடமும் விட்டுவிட்டு, ஆற்றங்கரைக் கோயிலோடு நின்று கொண்டு, வீட்டுக்கூரையின் ஓட்டையையும் சுவரின் வெடிப்பையும் கவனிக்கத் தொடங்கலாம். அடுத்த சாரலுக்கு முன் அதற்கு வேண்டிய அவகாசம் சரியாக அவ்வளவே இருக்கிறது.